இரண்டு மணி மருந்தை யார் கொடுப்பது?

காலை ஆறு, பத்து, பிற்பகல் இரண்டு, மாலை ஆறு, இரவு பத்து. புற்றுநோய் வலிக்கு வாய்வழியாகக் கொடுக்கும் சாதாரண மோர்ஃபின் மாத்திரையின் நேரசூசி இது. ஒரு மாத்திரையின் பலன் ஏறக்குறைய நான்கு மணித்தியாலம் நிற்கும். அது வடியுமுன் அடுத்தது உள்ளே போய்விட வேண்டும். இரவு பத்து மணிக்கு மட்டும் இரு மடங்கு கொடுத்துவிட்டால் நடுச்சாமத்தில் நோயாளியை எழுப்பத் தேவையில்லை. வலி வந்தபிறகு விழுங்கினால் மருந்து வேலை செய்யத் தொடங்கும்வரை வலியும் பயமும் ஏறிக்கொண்டே போகும். அடக்க இன்னும் அதிக அளவு தேவைப்படும். அதனால்தான் வலி வருகிறதோ இல்லையோ, கடிகாரத்தைப் பார்த்து இந்த மாத்திரையைக் கொடுக்கச் சொல்கிறார்கள்.

வாட்டில் இதைத் தாதி பார்த்துக்கொள்வார். துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பியபின்? மலையகத்தில் புசல்லாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் காலையிலேயே பெரட்டு முடிந்து ஆட்கள் மலையில் நிற்பார்கள். நடுப்பகலில் கொழுந்து நிறுவை, அவசரச் சாப்பாடு, மறுபடி மலை. திரும்பி வர மாலையாகிவிடும். ஆறு மணி மாத்திரையை மகள் கொடுத்துவிட்டுப் போவாள். மாலை ஆறும் இரவு பத்தும் அவள் கையில்தான். பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும் லயத்தில் யார் இருக்கிறார்கள்? சின்னது பிள்ளைமடுவத்தில், பெரியது பள்ளிக்கூடத்தில், மருமகன் கொழும்பில் ஒரு கடையில், அடுத்த காம்பிராவில் இருக்கும் பாட்டிக்குக் கண் தெரியாது. நோயாளி பகல் முழுக்க வலியோடு கிடக்கிறார். கிளினிக் நாளில் வைத்தியர் கேட்கிறார், இன்னும் வலியா என்று. ஆமாங்க என்கிறார் அம்மா. அளவு கூட்டப்படுகிறது. கூட்டிய மாத்திரையும் அதே இரண்டு வேளை தவறிப்போகிறது. காலையில் விழுங்கிய பெரிய அளவால் தூக்கமும் குமட்டலும் கூடியதுதான் மிச்சம்.

மருந்துச் சீட்டில் பிழையில்லை. மகளிடமும் பிழையில்லை. "பகல் ரெண்டு மணிக்கு வீட்டுல யாரு இருப்பாங்க?" என்று யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். நோய்தணிப்புப் பராமரிப்புக் குழுக்களில் இந்தக் கேள்வியைக் கேட்பதையே தொழிலாகக் கொண்ட ஒருவர் உண்டு: வைத்தியசாலை சமூகப் பணியாளர். அவருக்குக் கிடைக்கும் பதில் மருந்தையே மாற்றும். மெதுவாகக் கரைந்து 12 மணித்தியாலம் வேலை செய்யும் மோர்ஃபின் கிடைக்குமானால், வைத்தியர் அதற்கு மாற்றிக் காலை ஆறு, மாலை ஆறு என்று எழுதலாம். கிடைக்காவிட்டால் வேலையிலிருந்து நின்றுவிட்ட ஒரு பெரியப்பாவையோ, பிள்ளைமடுவத்துப் பொறுப்பாளரையோ பழக்கலாம். சமூகப் பணியாளர் என்றால் ஆறுதல் வார்த்தை சொல்லுகிறவர், சக்கர நாற்காலிக்கு நன்கொடையாளர் தேடுகிறவர் என்ற நினைப்பு நம்மிடையே பலமாக இருக்கிறது. இந்தக் கட்டுரை அந்த நினைப்போடு சண்டை பிடிக்கிறது. அவர் திரட்டித் தரும் தகவல், இரத்தப் பரிசோதனை அறிக்கையைப் போலவே சிகிச்சைக்கு வேண்டிய தகவல்.

புசல்லாவை, கண்டியிலிருந்து கம்பளை வழியாக நுவரெலியா ஏறும் பாதையில், சுமார் 40 கிலோமீட்டரில் இருக்கிறது. ரொத்சைல்ட், சோகம, டெல்டா, மெல்ஃபோர்ட் என்று சுற்றிலும் தோட்டங்கள். 1841இல் வோர்ம்ஸ் சகோதரர்கள் சீனத்துத் தேயிலைக் கன்றுகளை ரொத்சைல்ட் தோட்டத்தில் நட்டுப் பார்த்த கதையைச் சுற்றுலா வழிகாட்டிகள் விடாமல் சொல்வார்கள். அந்தத் தோட்டத்திலிருந்து ஒரு நோயாளி கண்டி தேசிய வைத்தியசாலையின் புற்றுநோய்க் கிளினிக்குக்கு எப்படிப் போய்ச் சேர்கிறார் என்ற கதை எந்த வழிகாட்டிக்கும் தெரியாது. தோட்டத்துப் பாதையில் டவுன்வரை முச்சக்கரவண்டி, அங்கிருந்து பஸ், கம்பளையில் நின்று மறுபடி பஸ். கூடவே ஓர் ஆள் போக வேண்டும். 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்த அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாயாக இருந்தது. கிளினிக் நாளில் அன்றைய சம்பளமும் இல்லை, போக்குவரத்துச் செலவும் கையிலிருந்து. இலங்கையில் அரச வைத்தியசாலைச் சிகிச்சை இலவசம்தான். வைத்தியசாலை வாசலுக்கு வந்து சேர்வது இலவசமல்ல.

இந்தத் துறையின் வரலாற்றில் எனக்குப் பிடித்த ஒரு விஷயம், நவீன நோய்தணிப்புப் பராமரிப்பைத் தொடங்கி வைத்த சிசிலி சோண்டர்ஸ் அதற்கான எண்ணத்தைப் பெற்றது வைத்தியராக அல்ல, சமூகப் பணியாளராக இருந்த காலத்தில் என்பதுதான். லண்டனில் தாதியாகப் பயிற்சி பெற்றவர். முதுகு வலியால் அந்த வேலையை விட்டு, 1947இல் வைத்தியசாலை நலன்புரி அலுவலராக, அதாவது அக்காலத்துச் சமூகப் பணியாளராகச் சேர்ந்தார். அப்போதுதான் டேவிட் டாஸ்மாவைச் சந்தித்தார். வார்சோவிலிருந்து வந்த யூதர், உணவகப் பரிசாரகர், வயது 40, சத்திரசிகிச்சையால் தீர்க்க முடியாத புற்றுநோய். லண்டனில் குடும்பம் கிடையாது. தான் வாழ்ந்ததற்கு ஓர் அடையாளமும் மிஞ்சாது என்ற நினைப்பு அவரை அரித்தது. இருவரும் வாரக்கணக்கில் பேசினார்கள். இறக்குமுன் அவர் சோண்டர்ஸுக்கு 500 பவுண் எழுதி வைத்தார், நீங்கள் கட்டப்போகும் இல்லத்தில் நான் ஒரு ஜன்னலாக இருப்பேன் என்ற பொருளில் சொல்லிவிட்டு. இறப்பவர்களுக்கு உருப்படியாக ஏதும் செய்ய வேண்டுமானால் வைத்தியராகு என்று ஒரு சத்திரசிகிச்சை நிபுணர் சொன்ன ஆலோசனையைக் கேட்டு, முப்பது வயதைத் தாண்டி மருத்துவம் படித்து 1957இல் வைத்தியரானார். 1967இல் லண்டனில் புனித கிறிஸ்தோபர் இல்லம் திறந்தது. மோர்ஃபினை நேரந்தவறாமல் கொடுக்கும் முறையை உலகுக்குப் பரப்பியது அவர்தான். உடல், மனம், குடும்பமும் பணமும் சேர்ந்த சமூகம், ஆன்மா என்ற நான்கும் கலந்தது இறக்கும் மனிதரின் வலி என்று சொல்லி, அதற்கு 'முழு வலி' என்று பெயரிட்டவரும் அவரே.

வைத்தியசாலைச் சமூகப் பணி என்ற தொழில் அவருக்கு முன்பே இருந்தது. 1895இல் லண்டன் ரோயல் ஃப்ரீ வைத்தியசாலை மேரி ஸ்டூவர்ட் என்பவரை நியமித்தது. அவருக்குக் கொடுத்த முக்கிய வேலை, வசதியுள்ளவர்கள் இலவசச் சிகிச்சையை அனுபவிக்காமல் பார்த்துக்கொள்வது! வீட்டு நிலைமையை விசாரிக்கப் போன இடத்தில்தான் வறுமை நோயை எப்படி வளர்க்கிறது என்பது தெரியவந்தது. காவல் வேலை மெல்ல மெல்ல உதவி வேலையாக மாறியது. 1905இல் பொஸ்டனின் மசாசூசெற்ஸ் பொது வைத்தியசாலையில் ரிச்சர்ட் கபோட் என்ற வைத்தியர் சமூகப் பணியாளரை நியமித்ததற்குக் காரணம் இன்னும் நேரடியானது. ஓய்வெடு, நன்றாகச் சாப்பிடு என்று எழுதிக் கொடுக்கும் சீட்டு, ஓய்வும் சாப்பாடும் இல்லாத வீட்டில் வெறும் கடதாசி என்று அவர் கண்டார்.

சோண்டர்ஸின் 'முழு வலி'க்குத் திரும்புவோம். கவலை எப்படி வலியாகிறது? அதற்கு நரம்பியலில் விளக்கம் இருக்கிறது. புற்று அரித்த எலும்பிலிருந்தோ தாடையிலிருந்தோ புறப்படும் சமிக்ஞை முதலில் முண்ணாணுக்குப் போகிறது. அங்கிருந்து மூளைக்கு ஏறும்போது பாதைகள் பிரிகின்றன. எங்கே வலிக்கிறது, எவ்வளவு கடுமை என்று கணிக்கும் பகுதி வேறு. அது எவ்வளவு தாங்க முடியாததாக இருக்கிறது என்று உணரும் பகுதிகள் வேறு. அவை பயமும் துயரமும் வேலை செய்யும் வலையமைப்போடு பின்னிக் கிடப்பவை. 1965இல் ரொனால்ட் மெல்ஸாக், பற்றிக் வோல் என்ற இருவரும் முண்ணாணில் ஒரு கதவு இருப்பதாகக் கருதலாம் என்றார்கள். கீழிருந்து வரும் சமிக்ஞை எவ்வளவு மேலே போகலாம் என்பதை அந்தக் கதவு தீர்மானிக்கும். மூளையும் மேலிருந்து கட்டளை அனுப்பி அதைத் திறக்கவோ சாத்தவோ செய்யும். நுணுக்கங்கள் பிறகு நிறைய மாறின, அடிப்படை நிலைத்தது. நடுமூளையிலிருந்து மூளைத்தண்டு வழியாக இறங்கும் நரம்புப் பாதைகள் வலியைக் குறைக்கவும் செய்யும், பெருக்கவும் செய்யும் என்று இன்று தெரியும். மோர்ஃபினும் அந்தப் பாதைகளில் வேலை செய்கிறது. தூக்கமின்மை, பயம், தனிமை, என்ன நடக்கப்போகிறது என்று தெரியாத தவிப்பு ஆகியவை அந்தப் பாதைகளைப் பெருக்கும் பக்கமாகத் தள்ளக்கூடியவை.

இரண்டாம் உலகப் போரில் இத்தாலிக் களத்தில் பணியாற்றிய ஹென்றி பீச்சர் என்ற அமெரிக்க வைத்தியர், பெரிய காயத்தோடு கொண்டுவரப்பட்ட வீரர்களில் பலர் வலிமருந்தே கேட்காததைக் கண்டு ஆச்சரியப்பட்டார். அவர்களுக்கு அந்தக் காயம் உயிரோடு வீடு திரும்பும் அனுமதிச்சீட்டு. நம் நோயாளிக்கோ அதே அளவு திசுச் சேதம், நகை அடகில் இருக்கிறது, மகன் படிப்பை நிறுத்திவிட்டான், நான் போனால் இந்தக் காம்பிராவை விட்டுப் போகச் சொல்வார்களா என்ற கேள்விகளோடு வருகிறது. வலி கூடுவதில் வியப்பென்ன?

ஒன்றை இங்கே அழுத்திச் சொல்லியாக வேண்டும். இதைப் படித்துவிட்டு, வலியெல்லாம் மனசுதான் என்று யாரும் நோயாளியிடம் போய்ச் சொல்லிவிடக் கூடாது. எலும்புக்குப் பரவிய புற்றின் வலி பேச்சால் தீராது. அதற்கு மோர்ஃபின் வேண்டும், சிலருக்குக் கதிர்ச் சிகிச்சை வேண்டும். மாத்திரையைப் போதுமான அளவு கொடுத்த பின்னும் அடங்காமல் நிற்கும் வலிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தேடுவதுதான் சமூகப் பணியாளரின் இடம். அந்தத் தேடல் இல்லாத இடத்தில் அளவை மட்டுமே கூட்டிக்கொண்டு போவார்கள்.

ஒரு கற்பனை நோயாளியை வைத்துப் பார்ப்போம். ஐம்பதை நெருங்கும் பெண், முப்பது வருடமாகக் கொழுந்து எடுத்தவர், வாய்ப் புற்றுநோய். இலங்கை ஆண்களிடையே முதலிடத்தில் இருப்பது வாய்ப் புற்றுநோய். தோட்டப் பெண்களும் வெற்றிலை போடுகிறவர்கள். குளிருக்கும் பசிக்கும் அதுதான் துணை. புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கு மட்டுமே புற்றுநோயை உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் அறிவித்துவிட்டது. இந்த அம்மா வாயில் ஆறாத புண்ணை மாதக்கணக்கில் வைத்துக்கொண்டிருந்தார். ஏன் முன்பே வரவில்லை என்று யாரோ அதட்டியிருப்பார்கள். வேலைக்குப் போகாத நாளெல்லாம் சம்பளம் போகும் நாள் என்பது அதட்டியவருக்குத் தெரியாது.

சமூகப் பணியாளர் முதலில் செய்வது ஒரு படம் வரைவது. யார் யார் குடும்பம், யார் எங்கே வேலை, யாருக்கு யாரோடு பேச்சில்லை, யார் கையில் பணம், யார் இரவில் விழித்திருக்கிறார்கள். பிறகு வீடு. பழைய லயங்களில் பத்துக்குப் பன்னிரண்டடிக் காம்பிராவும் ஒரு முன்திண்ணையும்தான் பல குடும்பங்களுக்கு. கழிப்பறை வெளியே, மழைக்காலத்தில் வழுக்கும் படிகளுக்கு அப்பால். நடக்க முடியாதவருக்கு அந்தப் படிகள்தான் முதல் பிரச்சினை; மாத்திரை அடுத்தது. கன்னத்தில் புண் வெடித்திருந்தால் நாற்றம் இன்னொன்று. காற்றில்லாமல் வளரும் பக்டீரியாக்கள் இறந்த திசுவில் குடியேறுவதால் வருவது அது. மெற்றோனிடசோல் மாத்திரையைப் பொடித்துப் புண்ணில் தூவினால் சில நாட்களில் நாற்றம் வெகுவாகத் தணியும். மலிவான மருந்து, தாதியர் எளிதில் சொல்லிக்கொடுக்கக் கூடியது. ஆனால் நாற்றம் இருக்கிறது என்று நோயாளி சொல்ல மாட்டார், குடும்பமும் சொல்லாது. பேரப்பிள்ளை ஆச்சி பக்கத்தில் படுப்பதை நிறுத்திவிட்டதை வீட்டுக்குப் போன ஒருவர்தான் கவனிப்பார்.

அடுத்தது காசு, அதற்குள் ஒளிந்திருக்கும் கடதாசி. மலையகத்தில் இந்தப் பகுதி மற்ற இடங்களைவிடச் சிக்கலானது. ஊழியர் சேமலாப நிதி, 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது. நிரந்தரமாக வேலை செய்ய முடியாதவர் என்று வைத்தியர் சான்று கொடுத்தால், ஓய்வு வயதுக்குக் காத்திராமல் பணத்தை எடுக்கலாம். முப்பது வருடம் உழைத்த பெண்ணுக்கு அது சின்னத் தொகையாக இராது. தடை எங்கே வருகிறது? பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொன்று, தோட்டத்துச் செக்ரோலில் கணக்கப்பிள்ளை காதில் விழுந்தபடி எழுதிய மூன்றாவது. மூவரும் ஒருவரே என்று நிரூபிக்கச் சமாதான நீதவான் முன் சத்தியக் கடதாசி வேண்டும், தோட்ட அலுவலகக் கடிதம் வேண்டும், கிராம சேவகர் கையெழுத்து வேண்டும். 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்டு, 2003 வரை துண்டு துண்டாகத் திரும்பப் பெற்ற ஒரு சமூகத்தின் பெயர்கள் ஆவணங்களில் இப்படிச் சிதறிக் கிடப்பதில் ஆச்சரியமில்லை. அந்தச் சிதறல் புற்றுநோய் வாட்டுவரை வந்து நிற்கும் என்பதுதான் நினைத்துப் பார்க்காதது.

இந்த வேலைக்கெல்லாம் காலக்கெடு உண்டு. விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட நோயாளிக்கு நினைவும் பலமும் இருக்க வேண்டும். பின்னுரித்தாளி பெயரைத் திருத்த வேண்டுமானால் அதையும் அவர்தான் செய்ய வேண்டும். எத்தனை மாதம் இருக்கலாம் என்ற வைத்தியரின் மதிப்பீடு சமூகப் பணியாளருக்குத் தெரியாவிட்டால், எந்தக் கடதாசியை முதலில் ஓட்டுவது என்று தீர்மானிக்க முடியாது. வைத்தியர் இருப்பதாக நினைக்கும் காலத்தை மறைத்து வைக்கும் குழுவில் சமூகப் பணி நொண்டித்தான் நடக்கும். ஜனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவிக்கு முன்பு கொழும்புக்கு அலைய வேண்டியிருந்தது. 2025 முதல் பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம். புற்றுநோயாளருக்கான சமூக சேவைக் கொடுப்பனவு, அஸ்வெசும என்று வேறு கதவுகளும் உண்டு. எந்தக் கதவு யாருக்குத் திறக்கும், எந்தக் கிழமையில் எந்த உத்தியோகத்தர் இருப்பார் என்று தெரிந்த ஒருவர், ஒரு குடும்பத்துக்கு எத்தனையோ நாள் சம்பளத்தை மிச்சப்படுத்தித் தருகிறார். கிளினிக் திகதி மாறியதாக வரும் கடிதம் லயத்துக்கு நேரே வராமல் தோட்ட அலுவலகத்திலோ டவுன் கடையிலோ தங்கிவிடும் ஊரில், சரியான தொலைபேசி இலக்கம் ஒன்றை, அதுவும் பகலில் எடுக்கக்கூடியவரின் இலக்கத்தை, கொப்பியில் எழுதி வைப்பதும் இந்த வேலைதான்.

பேச்சுக்கு வருவோம். கண்டியின் பெரிய வைத்தியசாலைகளில் சிங்களத்தில்தான் பெரும்பாலான பேச்சு நடக்கும். அம்மாவோடு வந்த எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குச் சிங்களம் தெரியும். வைத்தியர் சொல்வதை அவள் அம்மாவுக்குச் சொல்கிறாள். மாத்திரை எப்போது விழுங்குவது என்பதுவரை பரவாயில்லை. நோய் ஈரலுக்குப் போய்விட்டது, இனி மருந்தால் மாற்ற முடியாது என்பதை அவள் வாயால் சொல்ல வைப்பது கொடுமை. அவள் சொல்லவும் மாட்டாள். வேறு எதையாவது சொல்வாள். பிறகு அந்த இரகசியத்தைத் தனியாகச் சுமப்பாள். முக்கியமான செய்தி சொல்லும் நாளில் தமிழ் பேசும் வளர்ந்த ஒருவர், முடிந்தால் பயிற்சி பெற்றவர், அறையில் இருக்கும்படி பார்த்துக்கொள்வது சமூகப் பணியாளரின் பொறுப்பு. இதில் விட்டுக்கொடுப்புக்கு இடமில்லை என்பது என் கட்சி.

வளர்ந்தவர்களுக்கு வேறொரு பிடிவாதம் உண்டு. "டொக்டர், அம்மாவுக்குச் சொல்லாதீங்க, தாங்க மாட்டாங்க." நம் வீடுகளில் இது அன்பின் மொழி. நோயாளியின் உரிமை என்று சட்டம் பேசிக் குடும்பத்தை மோதினால் கதவு சாத்தப்படும். குடும்பம் சொன்னபடி பொய் சொன்னால் நோயாளி ஒரு நாள் கண்டுபிடிப்பார், பிறகு யாரையும் நம்ப மாட்டார். 2000ஆம் ஆண்டில் வோல்டர் பெய்ல், ரொபர்ட் பக்மன் முதலிய வைத்தியர்கள் கெட்ட செய்தியைச் சொல்வதற்கு ஆறு படிகளை வகுத்தார்கள். அதில் நமக்குப் பயன்படுவது நடுவில் இருக்கிறது: செய்தியைச் சொல்லுமுன் நோயாளிக்கு என்ன தெரியும், இன்னும் எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று அவரிடமே கேள். நல்ல சமூகப் பணியாளர் மகனை வெளியே திண்ணையில் உட்கார வைத்து, "சரிங்க தம்பி, நானா எதுவும் சொல்ல மாட்டேன். அம்மாவே கேட்டா என்ன செய்யட்டும், பொய் சொல்லட்டுமா?" என்று கேட்பார். மகன் யோசிப்பான். பிறகு அம்மாவிடம் போய், "ஒங்களுக்கு என்னான்னு நெனைக்கிறீங்க?" என்பார். "எனக்குத் தெரியும் மிஸ். புள்ளைக்குச் சொல்லாதீங்க, பாவம்." இரண்டு பக்கமும் ஒருவரையொருவர் காப்பாற்ற மௌனமாக இருக்கும் வீடுகள் ஏராளம். அந்த மௌனம் உடைந்த அன்று இரவு மாத்திரை கூடாமலே நோயாளி தூங்கிவிட்டார் என்று சொல்லாத நோய்தணிப்புக் குழு அபூர்வம்.

இதெல்லாம் பலன் தருகிறது என்பதற்குச் சான்று? கபோட் சமூகப் பணியைத் தொடங்கிய அதே பொஸ்டன் வைத்தியசாலையில், ஜெனிஃபர் டெமல் குழுவினர் பரவிவிட்ட நுரையீரல் புற்றுநோயாளர் 151 பேரை ஆராய்ந்து 2010இல் வெளியிட்ட முடிவு பெரிய அதிர்ச்சி. வழக்கமான சிகிச்சையோடு ஆரம்பத்திலிருந்தே நோய்தணிப்புப் பராமரிப்பும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 11.6 மாதம், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களுக்கு 8.9 மாதம். மனச்சோர்வும் குறைவு, கடைசிக் காலத்தில் வீணான தீவிரச் சிகிச்சையும் குறைவு. சமூகப் பணியை உயர்த்திப் பேசுபவர்கள் இந்த ஆய்வை அடிக்கடி எடுப்பார்கள். நியாயமாகச் சொன்னால், அதில் முன்னின்றவர்கள் வைத்தியர்களும் மூத்த தாதியரும்தான். ஒரு குழுவாக நடக்கும் வேலையில் ஒருவரின் பங்கை மட்டும் பிரித்து அளப்பது கடினம். வீட்டுக்கே வரும் நோய்தணிப்புச் சேவையைப் பற்றி 2013இல் வந்த கொக்ரேன் தொகுப்பாய்வு, அத்தகைய சேவை கிடைத்தால் வீட்டிலேயே இறக்கும் வாய்ப்பு இரு மடங்குக்கு மேலாகிறது என்றது. பராமரிப்பவரைப் பற்றி 1999இல் ஷுல்ஸ், பீச் இருவரும் கண்டது இன்னும் கூர்மையானது: வாழ்க்கைத் துணையைப் பராமரித்து அதனால் களைத்துப்போன முதியவர்கள் நான்கு ஆண்டுகளுக்குள் இறக்கும் அபாயம், பராமரிப்புப் பொறுப்பில்லாதவர்களைவிட 63 வீதம் அதிகம். நோயாளியைப் பார்க்க வருகிறவர், பக்கத்தில் நிற்கும் மனுஷரையும் பார்க்க வேண்டும்.

உலகில் ஆண்டுதோறும் 5 கோடியே 68 இலட்சம் பேருக்கு நோய்தணிப்புப் பராமரிப்பு தேவை என்றும், அதில் ஏறத்தாழ 14 வீதத்தினருக்கே கிடைக்கிறது என்றும் உலகச் சுகாதார நிறுவனம் கணிக்கிறது. இலங்கையில் தேசியப் புற்றுநோய்க் கட்டுப்பாட்டு நிகழ்ச்சித்திட்டம் 2019 முதல் 2023 வரைக்கான ஒரு தேசியச் செயற்றிட்டச் சட்டகத்தை வெளியிட்டது. பல்துறைக் குழு வேண்டும் என்பது அதிலும் இருக்கிறது. சீதுவையிலுள்ள தேசிய சமூக அபிவிருத்தி நிறுவனம் சமூகப் பணியில் பட்டம் கொடுக்கிறது. மனநலப் பிரிவுகளில் சமூகப் பணியாளரைப் பார்க்கலாம். புற்றுநோய்க் கிளினிக்கில் அந்த நாற்காலியைக் காண்பது அரிது. நாற்காலி காலியாக இருந்தாலும் வேலை நிற்பதில்லை. தாதி தன் சாப்பாட்டு நேரத்தில் செய்கிறார், தோட்டத்து நலன்புரி உத்தியோகத்தர் கொஞ்சம், தொழிற்சங்கத் தலைவர் கொஞ்சம், கோயில் கமிட்டி கொஞ்சம், மிச்சமெல்லாம் வீட்டின் மூத்த மகள்.

கேரளத்தை எல்லாரும் உதாரணம் காட்டுவார்கள். கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் 1993இல் எம்.ஆர். ராஜகோபாலும் சுரேஷ்குமாரும் அவர்களுடைய நண்பர்களும் தொடங்கியது, சில ஆண்டுகளில் அக்கம்பக்கத்துத் தொண்டர்கள் நடத்தும் வலையாக விரிந்தது. 2008இல் மாநில அரசு அதற்கென்றே கொள்கை வகுத்தது. வாரம் இரண்டு மணித்தியாலம் தரக்கூடிய பக்கத்து வீட்டுக்காரர்தான் அதன் அச்சாணி. லயத்தில் பக்கத்து வீடு என்பது ஒரு சுவருக்கு அப்பால். அந்த வகையில் புசல்லாவைக்கு அது பொருந்தும். ஆனால் கேரளத் தொண்டருக்குப் பின்னால் பஞ்சாயத்து நிற்கிறது. இங்கே பிரதேச சபைகள் தோட்டங்களுக்குள் செலவு செய்ய வழிவிடும் சட்டத்திருத்தமே 2018இல்தான் வந்தது. தொண்டரைப் பழக்குவது பாதி வேலை. அவர் யாரிடம் போய்ச் சொல்வார் என்பது மற்றப் பாதி. கம்பளை, நாவலப்பிட்டி வைத்தியசாலைகளோடும் புசல்லாவை டவுனோடும் தொடர்பு வைத்து ஓடக்கூடிய, தமிழும் சிங்களமும் பேசும் ஒரு சமூகப் பணியாளர் இருந்தால், தோட்டத்துக்கு இரண்டு தொண்டர்கள் போதும். அதற்கு ஆகும் செலவு ஒரு சம்பளமும் பஸ் காசும்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலில் மலைநாட்டுப் பாதைகள் பல இடங்களில் மண்சரிவால் அறுந்தபோது, அப்படி ஒருவரின் தேவை இன்னொரு பக்கத்திலிருந்து தெரிந்தது. மோர்ஃபின் தீர்ந்துபோனால் வலி மட்டும் திரும்பாது, நீண்ட காலம் குடித்த உடம்பு வியர்த்து நடுங்கிப் படபடக்கும். யார் வீட்டில் இன்னும் எத்தனை நாளுக்கு மாத்திரை இருக்கிறது என்ற பட்டியல் ஒருவரிடம் இருக்க வேண்டும். மழைக்காலத்துக்கு முன்பே ஒரு வாரத்துக்கு அதிகமாகக் கொடுத்து வைக்க வைத்தியரிடம் கேட்க, அந்தப் பட்டியல் வைத்திருப்பவரால்தான் முடியும்.

வீட்டில் இறப்பதற்கும் ஆயத்தம் வேண்டும். கடைசி நாளில் மூச்சு மாறியதும் பயந்து, இரவோடிரவாக வண்டி பிடித்து வைத்தியசாலைக்கு ஓடுவார்கள். பாதி வழியில் உயிர் போகும். வீட்டில் போய்விட்டால் விசாரணை, பிரேத பரிசோதனை என்று வருமோ என்ற பயமும் இதற்கு ஒரு காரணம். நோய் நிர்ணய அட்டையும் கிளினிக் கொப்பியும் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும், மரணத்தை யாருக்கு முதலில் அறிவிக்க வேண்டும், மூச்சு இரைந்தால் அது நோயாளிக்கு வேதனை என்று பொருளல்ல என்பதையெல்லாம் இரண்டு வாரத்துக்கு முன்பே ஒருவர் உட்கார்ந்து சொல்லியிருந்தால், அந்த இரவுப் பயணம் பெரும்பாலும் தேவைப்படாது.

மரணத்தோடு கோப்பை மூடிவிடுவது வைத்தியசாலை வழக்கம். நோய்தணிப்புப் பராமரிப்பில் அது கிடையாது. இறந்தவர் விட்டுப்போன மாத்திரைகளைத் திரும்பப் பெற வேண்டும் என்பது முதலாவது. துக்கத்தைப் பொறுத்தவரை, பெரும்பாலானவர்களுக்குச் சிகிச்சை தேவையில்லை. உறவும் நாளும் போதும். ஆறு மாதத்துக்கு மேலும் தினசரி வாழ்க்கையை முடக்கிப்போடும் துக்கத்தை மட்டும் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த சர்வதேச நோய் வகைப்பாடு தனி நிலையாகக் குறிக்கிறது. யாருக்கு அப்படி ஆகலாம் என்பதை முதல் நாள் வரைந்த குடும்பப் படமே ஓரளவு காட்டிவிடும்: வேலையை விட்டுவிட்டுப் பார்த்தவர், கடைசி நேரத்தில் பக்கத்தில் இல்லாதவர், சண்டையோடு பிரிந்தவர்.

தோட்டத்தில் கருமாதி முடியும்வரை வீட்டில் ஆள் நிறைந்திருக்கும். அது முடிந்து வந்தவர்கள் பஸ் ஏறியபின்தான் தொலைபேசி அழைப்புக்குப் பயன் உண்டு. அழைப்பவர் எப்படி இருக்கிறீர்கள் என்று தொடங்கினால், இருக்கோம் என்பதோடு பேச்சு முடிந்துவிடும். மரணச் சான்றிதழ் எடுத்தாச்சா, அதில் அம்மா பேரு சேமலாப நிதிக் கடதாசியில் இருக்கிற மாதிரியே இருக்கிறதா என்று கேட்க வேண்டும். பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் பணம் நிற்கும் என்பதால் கேட்டே ஆக வேண்டிய கேள்வி அது. மகள் பெட்டியைத் திறந்து கடதாசியைத் தேடி எடுத்து வாசித்துக் காட்டுவாள். தூக்கம் வருவதில்லை என்பதையும், சின்னவன் பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்கிறான் என்பதையும் அந்தத் தேடலுக்கு நடுவில்தான் சொல்வாள்.